ரத்தம் கொதிப்பதில்லை: பிரஷர் மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது?

போன வருஷம் ஒருநாள் காலையில் அத்தை போன் செய்தார். குரலில் ஒரே உற்சாகம். "பிரஷர் 124-க்கு வந்திருச்சுப்பா. மாத்திரையை நிறுத்தி இன்னையோட ரெண்டு நாளாச்சு, இன்னும் நார்மலாத்தான் இருக்கு. எனக்குச் சரியாயிடுச்சு!"

அத்தை சொன்ன எண்ணும் உண்மை, ரெண்டு நாள் கணக்கும் உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு. அது ஏன் தப்பு என்று விளக்கப் போய், அரை மணி நேரப் பேச்சு தோட்டத்து ஹோஸ், பாம்பு விஷம், பாசிமணி மாலை என்று எங்கெங்கோ சுற்றியது. அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். எந்த மாத்திரை யாருக்கு என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, நான் அதற்குள் போகவில்லை. விழுங்கிய பிறகு உள்ளே நடப்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

பெயரிலேயே ஒரு சிக்கல்

'ரத்தக் கொதிப்பு' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. கொதிப்பு என்றதும் மனசு கோபத்துக்கும் சூட்டுக்கும் போய்விடுகிறது. "அவரு யார்கிட்டயும் சத்தமாக்கூடப் பேச மாட்டாரே, அவருக்கு எப்படிப் பிரஷர்?" என்று கேட்கிறோம். உடம்புச் சூட்டைத் தணிக்க மோர் குடிக்கச் சொல்கிறோம். அந்த மோரில் உப்பு தாராளமாக விழுந்திருக்கும் என்பது தனிக் கதை.

உண்மையில் எதுவும் கொதிப்பதில்லை. தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டு போகும் குழாய். அதன் சுவரை உள்ளேயிருந்து ரத்தம் தள்ளுகிற விசைதான் ரத்த அழுத்தம். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் நொடியில் இருப்பது மேல் எண், அடுத்த துடிப்புக்கு முன் தளர்ந்திருக்கும்போது இருப்பது கீழ் எண். 120/80 என்றால் 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் அளவு தள்ளல்.

பாதரசக் கணக்கு பிடிபடவில்லை என்றால் இப்படிப் பாருங்கள். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீளமான கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தினார். ரத்தம் குழாயில் எட்டடிக்கு மேல் ஏறி நின்று, துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கியது. 1733-இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். நமக்கு அப்படி ஒரு குழாயைப் பொருத்தினால் ரத்தம் சுமார் ஐந்தடி உயரம் ஏறும். ராத்திரி பகல் எந்நேரமும் தமனிச் சுவர் தாங்கிக்கொண்டிருக்கும் பாரம் அது. பிரஷர் கூடினால் இந்தப் பாரம் கூடுகிறது. வலிக்காது, எரியாது. பல வருஷம் கழித்துத்தான் மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ பாதிப்பு தெரியவரும்.

மோட்டார், குழாய், தண்ணீர்

மோட்டார் போட்டு ஹோஸ் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்களுக்கு ரத்த அழுத்தத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஹோஸுக்குள் அழுத்தம் கூட மூன்று வழி உண்டு. மோட்டார் வேகமாகத் தள்ளலாம். மூடிய சுற்றில் தண்ணீரின் அளவு கூடலாம். ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி வழியைக் குறுக்கலாம்.

உடம்பில் மோட்டார் இதயம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே துடிப்புக்கு 70 மில்லி வீதம், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தள்ளுகிறது. தண்ணீர் என்பது குழாய்களுக்குள் ஓடும் ரத்தம், அதன் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் சிறுநீரகமும் உப்பும். கட்டைவிரல் எங்கே? நுண்தமனிகளில். தமனிகள் கிளை பிரிந்து பிரிந்து, கடைசியில் தலைமுடியளவு மெலிந்து போகும் இடம் அது. அவற்றின் சுவரைச் சுற்றி வளையம் போலத் தசை இருக்கிறது. தசை இறுகினால் வழி குறுகும், தளர்ந்தால் விரியும்.

இந்தக் கட்டைவிரலை லேசாக எண்ணக் கூடாது. பிரான்ஸைச் சேர்ந்த புவாசேய் என்ற மருத்துவர் 1840-களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். குழாயின் அகலம் இரட்டிப்பானால் ஓட்டத்துக்கான தடை பாதியாகும் என்றுதான் நாம் நினைப்போம். அது பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. அகலம் பத்து சதவீதம் கூடினாலே தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெறும் ஐந்து மில்லிகிராம் மருந்து ஒரு முழு ஆளின் பிரஷரை இறக்குவதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

சுருக்கமாக: பிடித்து இழுக்க மூன்று கயிறுகள். இதயத்தின் வேகம், நுண்தமனியின் அகலம், ரத்தத்தின் அளவு. எந்தப் பிரஷர் மாத்திரையானாலும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் இழுக்கிறது. மாத்திரை எந்தக் கயிறு என்று தெரிந்துவிட்டால், அதன் பக்கவிளைவையும் ஓரளவு நாமே ஊகித்துவிடலாம்.

அம்லோடிபின்: வாசலை ஒருக்களித்து வைப்பது

அத்தை சாப்பிட்டது அம்லோடிபின். அரசு ஆரம்ப சுகாதார நிலையம் முதல் தனியார் மருத்துவமனை வரை எங்கும் கிடைக்கும் மாத்திரை.

நுண்தமனியின் தசை இறுக வேண்டுமானால் அதன் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். செல்லின் சுவரில் அதற்கென்றே சின்னஞ்சிறு வாசல்கள் இருக்கின்றன. வாசல் திறந்து கால்சியம் உள்ளே பாய்ந்தால் தசை இறுகும், வெளியேறினால் தளரும். அம்லோடிபின் அந்த வாசல்களில் போய் ஒட்டிக்கொண்டு, பாதிக் கதவைச் சாத்தி வைக்கிறது. கால்சியம் குறைவாக நுழைகிறது, தசை தளர்கிறது, நுண்தமனி விரிகிறது, பிரஷர் இறங்குகிறது.

"அப்போ நான் சாப்பிடுற கால்சியம் மாத்திரையும் பாலும்?" என்று அத்தை உடனே கேட்டார். நல்ல கேள்வி. அம்லோடிபின் கால்சியத்தையே தொடுவதில்லை. எலும்புக்குப் போகும் கால்சியம் பாட்டுக்குப் போகும். வாசலின் திறப்பு மட்டும்தான் குறைகிறது.

இப்போது அந்த ரெண்டு நாள் கணக்குக்கு வருவோம். அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அத்தை நிறுத்திய ரெண்டாம் நாள் காலையில், பழைய மாத்திரைகளின் ஏறக்குறைய பாதி இன்னும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பார்த்த 124, மாத்திரை நிறுத்திய பிரஷர் இல்லை, மாத்திரையின் மிச்சம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். ஆரம்பிக்கும்போதும் இதே கதைதான். "நேத்துலேர்ந்து போடுறேன், குறையவே இல்லையே" என்று மூன்றாம் நாளே டாக்டரை மாற்றுகிறவர்கள் உண்டு. மருந்து சேர்ந்து ஒரு நிலைக்கு வரவே ஒரு வாரம் தேவை.

அப்புறம் கால் வீக்கம். மாத்திரையின் அளவு கூடும்போது சிலருக்குச் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும். செருப்பு வார் தடம் பதியும், கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். வீட்டில் உடனே "கிட்னி போச்சு" என்று பேச்சு கிளம்பிவிடும். நடப்பது என்னவென்றால், நுண்தமனிகளுக்கு அடுத்து தந்துகிகள் இருக்கின்றன. ஒரே ஒரு செல் கனமுள்ள சுவர் கொண்ட, உடம்பிலேயே மிக மெல்லிய குழாய்கள் அவை. அதற்கப்புறம் ரத்தத்தைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டு போகும் சிரைகள். அம்லோடிபின் தந்துகிக்கு முன்னாலிருக்கும் கதவை, அதாவது நுண்தமனியைத் திறக்கிறது, பின்னாலிருக்கும் கதவான சிரையை அவ்வளவாகத் திறப்பதில்லை. நடுவில் மாட்டிய தந்துகியில் அழுத்தம் கூடி, நீர் சுவர் வழியாகக் கசிகிறது. புவியீர்ப்பு இருப்பதால் அது காலில் தேங்குகிறது. உடம்பில் நீர் கூடிப்போய் வந்த வீக்கம் இல்லை என்பதால், சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை போட்டாலும் இது பெரிதாக வடியாது. ஆனால் கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று வேறு காரணங்களும் உண்டு, ஆகவே டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

சிறுநீரகம் அனுப்பும் புகார்

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இந்தக் குடும்பம்தான். எனலாபிரில், ராமிபிரில் என்று 'பிரில்' என்று முடிபவை ஒரு கிளை. லோசார்டன், டெல்மிசார்டன் என்று 'சார்டன்' என்று முடிபவை இன்னொரு கிளை.

சிறுநீரகத்துக்கு ஒரு பயம் உண்டு. தனக்கு வரும் ரத்தம் குறைந்தால், 'இந்த ஆளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது' என்று நினைத்துக்கொள்ளும். காட்டில் அடிபட்டு ரத்தம் இழந்த காலத்தில் உயிரைக் காப்பாற்றிய பயம் அது. உடனே ரெனின் என்ற நொதியை ரத்தத்தில் விடும். நொதி என்பது உடம்பில் ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்யும் கருவி மாதிரி. ரெனின் ஒரு கத்தரிக்கோல். கல்லீரல் ரத்தத்தில் மிதக்கவிட்டிருக்கும் நீண்ட பாசிமணி மாலை ஒன்றிலிருந்து பத்து மணியுள்ள துண்டை வெட்டி எடுக்கும். அந்தத் துண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது ஓடி நுரையீரலின் ரத்தக் குழாய்களுக்குப் போகும்போது, அங்கே காத்திருக்கும் இரண்டாவது கத்தரிக்கோல் கடைசி இரண்டு மணிகளை நறுக்கும். மிஞ்சும் எட்டு மணித் துண்டின் பெயர் ஆஞ்சியோடென்சின்-2. அது சாதாரணப்பட்டதில்லை. நுண்தமனிகளை இறுக்கும், 'உப்பை வெளியே விடாதே' என்று ஹார்மோன் வழியாகச் சிறுநீரகத்துக்குச் சொல்லி அனுப்பும். இரண்டு கயிற்றையும் ஒரே கையால் இழுக்கும் ஆள்.

பிரில் மாத்திரை இரண்டாவது கத்தரிக்கோலின் வாயில் சிக்கிக்கொண்டு அதை வெட்டவிடாமல் செய்கிறது. இந்த யோசனை வந்தது ஒரு பாம்பிடமிருந்து. பிரேசிலில் ஜராராக்கா என்றொரு விரியன் உண்டு. அதன் விஷம் கடிபட்டவரின் ரத்த அழுத்தத்தைச் சரேலென்று இறக்கும். செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி 1960-களில் அந்த விஷத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள், இந்தக் கத்தரிக்கோலை முடக்குவது தெரியவந்தது. அதைப் பார்த்து ஆய்வகத்தில் வடிவமைத்த கேப்டோபிரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது: அதற்கு முப்பது வருஷம் முன்பே, நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் பிரஷரைக் குறைப்பதை பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949-இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகத்தின் கவனத்தைத் திருப்பினார். அந்த வேரிலிருந்து வந்த ரெசர்பின் சில காலம் கொடிகட்டிப் பறந்து, பக்கவிளைவுகளால் ஓரம்கட்டப்பட்டது.

பிரில் மாத்திரையில் ஒரு தொல்லை, வறட்டு இருமல். அந்தக் கத்தரிக்கோலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: பிராடிகினின் என்ற பொருளை வெட்டி அழிப்பது. கத்தரிக்கோலைக் கட்டிப்போட்டால் பிராடிகினின் சேர்ந்து, தொண்டையையும் மூச்சுக்குழலையும் உறுத்துகிறது. சளி இல்லாமல், இருமல் மருந்துக்கும் அடங்காமல், வாரக்கணக்கில் கொக்குக்கொக்கென்று இருமிக்கொண்டிருப்பவர் வீட்டில் இருந்தால் அவரது மாத்திரை அட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

சார்டன் மாத்திரை இதைத் தவிர்க்க வேறு இடத்தில் கை வைக்கிறது. கத்தரிக்கோலை விட்டுவிடும், மணித்துண்டு உருவாகட்டும் என்று விட்டுவிடும். அந்தத் துண்டு போய் உட்கார வேண்டிய ஏற்பியை மட்டும் அடைத்துவிடும். ஏற்பி என்பது செல்லின் மேலிருக்கும் பூட்டுத் துவாரம் மாதிரி, சரியான சாவி நுழைந்தால்தான் உள்ளே வேலை நடக்கும். துவாரத்தில் பஞ்சை அடைத்த பிறகு சாவியை வைத்துக்கொண்டு ஆஞ்சியோடென்சின் என்ன செய்யும்?

"பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்ற பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கின்றன. அதனால் ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, அது கூடினால் பயப்படுவது இயல்பு. ஆனால் அழுத்தம் குறைவதால் வடிகட்டிகளின் ஆயுள் நீள்கிறது, சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே இந்த மாத்திரைகளை எழுதுகிறார்கள். சிறுநீரகத்தை உண்மையில் அரிப்பது கட்டுப்படாத பிரஷர். எங்கே கவனம் தேவை என்றால், கர்ப்பிணிகளுக்கு இந்தக் குடும்பம் கூடாது. பொட்டாசியம் கூடலாம் என்பதால் 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் பொட்டாசிய உப்பைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. வாந்தி பேதியால் உடம்பு வறண்டிருக்கும்போது மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீர் மாத்திரையும் மோட்டார் மாத்திரையும்

ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்றவை நீர் மாத்திரைகள். சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டர் போக மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. உப்பைத் திரும்ப எடுக்கும் ஒரு வாசலை நீர் மாத்திரை அடைக்கிறது. உப்பு வெளியேறும்போது தண்ணீரும் கூடவே போகும். காலையில் போடச் சொல்வது ராத்திரித் தூக்கம் கெடாமலிருக்க. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம், தள்ளாட்டம் வரலாம். வீட்டுப் பெரியவர் திடீரென்று நாள், கிழமை தப்பாகச் சொன்னால் வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

மோட்டாரைப் பிடிப்பவை அட்டினலால், மெட்டோபிரலால் போன்ற 'லால்' வகை. அட்ரினலின் என்பது ஓடு, சண்டை போடு என்று உடம்பை முடுக்கும் ஹார்மோன். இதயத்தில் அது உட்காரும் ஏற்பியை இவை அடைக்கின்றன. துடிப்பு நிதானமாகிறது, இதயத்துக்கு வேலை குறைகிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக், இதயத்துக்கு அதிக ஆக்சிஜன் கொண்டு போக வழி தேடுவதை விட்டு, அதன் தேவையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தார். 1960-களில் புரோப்ரனலால் வந்தது, 1988-இல் நோபல் பரிசும் வந்தது. இப்போது பிரஷருக்கு மட்டும் என்றால் இந்த வகையை முதலில் எடுப்பது குறைவு. மாரடைப்பு வந்தவர்களுக்கும் படபடப்பு உள்ளவர்களுக்கும் அதிகம் தருகிறார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அத்தை செய்தது போல நிறுத்துவதற்கு, இங்கே சொன்னவற்றில் இதைவிட மோசமான மாத்திரை இல்லை. துவாரங்கள் அடைபட்டே கிடப்பதால் இதயம் இன்னும் கொஞ்சம் துவாரங்களை உண்டாக்கி வைத்திருக்கும். மாத்திரையைச் சட்டென்று விட்டால் பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும், அட்ரினலின் மொத்தமாக உள்ளே புகும். படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பே வரலாம். டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

ஏன் இரண்டு மாத்திரை?

"ஒண்ணு பத்தலைன்னா அதையே ரெண்டா போட்டா என்ன?" இதுவும் அத்தையின் கேள்விதான். உடம்பு சும்மா இருக்காது, எதிர்த்து இழுக்கும். நீர் மாத்திரையால் ரத்த அளவு குறைந்ததும் சிறுநீரகம் பழைய பயத்தில் ரெனினை அதிகம் விடும். அந்த இடத்தில் ஒரு சார்டனைச் சேர்த்தால் எதிர் இழுப்பு எடுபடாது. ஒரே கயிற்றைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தால் பக்கவிளைவு ஏறுமே தவிர, பிரஷர் அந்த அளவுக்கு இறங்காது. இரண்டு கயிற்றை லேசாக இழுப்பது புத்திசாலித்தனம்.

அதே டப்பாவில் இருக்கும் மற்றவை

பழைய பிஸ்கட் டப்பாவில் பிரஷர் மாத்திரையோடு கிடப்பதால், எல்லாமே பிரஷருக்கு என்று நினைத்துவிடுகிறோம். 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் பிரஷரைத் தொடாது, பேச்சில் சொல்வது போல ரத்தத்தை நீர்க்க வைப்பதும் இல்லை. ரத்தம் அதே கெட்டியில்தான் இருக்கும். காயத்தை அடைக்க ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தட்டணுக்களின் ஒட்டும் குணத்தை மட்டும் அது கெடுக்கிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, கெட்டுப்போன நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. ஆகவே ஆஸ்பிரின் சீக்கிரமே ரத்தத்தை விட்டுப் போனாலும், அது தொட்ட தட்டணு சாகும் வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, முடங்கியே இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்பு ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது இதனால்தான்.

அட்டார்வாஸ்டாடின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகள், கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியை அடக்குகின்றன. சொந்தத் தயாரிப்பு குறைந்ததும், கல்லீரல் ரத்தத்தில் மிதப்பதைப் பிடித்து இழுக்கிறது. இந்த வகையின் முதல் மருந்தை ஜப்பானில் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட், நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கிக் குழாய்களைத் தளர்த்துகிறது. முக்கியமாகச் சிரைகள் விரிந்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் அதற்குப் பாரம் இறங்குகிறது. நின்றுகொண்டே வைத்தால் தலைசுற்றி விழலாம், உட்கார்ந்து வைக்க வேண்டும். வெடிமருந்தான நைட்ரோகிளிசரினும் இதே குடும்பம்தான். டைனமைட் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய வலிக்காக டாக்டர்கள் அதை எழுதிக் கொடுத்தார்கள்.

அத்தை மறுநாளே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். சில மாதம் கழித்து டாக்டர் அம்லோடிபினை ஐந்திலிருந்து பத்தாக்க, சாயங்கால வீக்கம் வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை, காலைக் காட்டப் போனார். டாக்டர் திரும்ப ஐந்தாகக் குறைத்து, டெல்மிசார்டன் ஒன்றைச் சேர்த்தார். சார்டன் தந்துகிக்குப் பின்னாலிருக்கும் கதவையும் கொஞ்சம் திறந்துவிடும், தேங்கிய நீர் வடிய வழி கிடைக்கும். பத்து நாள் கழித்து அத்தையிடமிருந்து போன். "செருப்பு வார் தடம் இப்ப விழறதில்லப்பா," என்றார். "அந்தப் பின்கதவு ஒண்ணு சொன்னியே, அதை முதல்லயே திறந்திருக்கக் கூடாதா?"